மேஸ்திரியின் ஓட்டு

மைசூரில் என் வீட்டைக் கட்டிய மேஸ்திரி, தேர்தல்களைக் கட்டடங்களை வைத்துத்தான் நினைவு வைத்திருந்தார். ஒரு தேர்தலின்போது ஏதோ கல்யாண மண்டபம் ஜன்னல்களுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் நின்றதாம். இன்னொன்றின்போது ஆஸ்பத்திரிக்குக் கூரைக் கான்கிரீட்டாம். யார் ஜெயித்தார் என்று கேட்டால்தான் யோசிப்பார். ஒல்லியான மனிதர், காதில் எப்போதும் ஒரு பென்சில். அவர் ஓட்டு மட்டும் சாமராஜநகர் தொகுதியில், தமிழ்நாட்டு எல்லைக் காட்டோரம் கோபிநத்தத்தை ஒட்டிய சொந்த ஊரில் இருந்தது.

என் கூரைக்குக் கான்கிரீட் போட்ட மறுநாள் மைசூரிலும் அவர் தொகுதியிலும் வாக்குப்பதிவு. கான்கிரீட் முடிந்த சாயங்காலமே அவர் ஊருக்குக் கிளம்பினார்.

“இருபது வருஷமா இங்கதானே இருக்கீங்க, ஓட்டை மாத்திக்கலாமே?” என்றேன் எரிச்சலோடு.

“பாதி ஊரு வேலைக்கு வெளிய வந்துருச்சுங்க. எல்லாரும் மாத்திக்கிட்டா, ஆளு கம்மின்னு பூத்தை எடுத்துருவாங்க. அப்பறம் வயசானவங்க காட்டைத் தாண்டிப் போயி ஓட்டுப் போடோணும். நான் போடறது அந்தப் பூத்துக்குத்தானுங்க.”

வாக்குப்பதிவு நாள் முழுவதும், கான்கிரீட் காயாமல் இறுக, நானே கூரைக்குத் தண்ணீர் விட்டேன். அடுத்த நாள் விரலில் மையோடு திரும்பியவர், “நல்லா நனைச்சிருக்கீங்க” என்றார். மை இல்லாத என் விரலைப் பார்த்தாரா, தெரியவில்லை. என் பூத் தெருமுனைப் பள்ளிக்கூடம். என் கூரையிலிருந்து பார்த்தால் அதன் வாசல் தெரியும்.