மழைக்கு உப்பிய கறுப்பு

வடதுருவத்தை ஒட்டிய யமால் பனிவெளியில் செரோக்கோவுக்கு முப்பது வருஷமாக ஒரே வேலை. மான் இழுக்கும் முன்வண்டியில் உட்கார்ந்து, கூடாரம் எங்கே போடுவது என்று சொல்ல வேண்டும். பின்னால் வரும் நாலு குடும்பமும் எண்ணூறு பனிமானும் அவன் சொன்ன இடத்தில் நிற்கும்.

அன்றைக்கு அவனுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

முந்தாநாள் அவனே வந்து பார்த்த இடம்தான். குளம் இருந்தது, புல் இருந்தது. புல் இல்லாத சேற்றுத் திட்டுகளில் காய்ந்த கறுப்புப் பொருக்கு ஒட்டிக்கிடந்தது. அதை அப்போது யார் பெரிசாக எடுத்தார்கள்? நேற்று முழுக்க மழை. இன்று அந்தத் திட்டெல்லாம் கறுப்பாக உப்பி, வழவழவென்று மினுங்குகிறது.

எண்ணெயோ? போன கோடையில் குழாய் பதிக்க வந்தவர்கள் வேறொரு குளத்தோரம் அப்படித்தான் கொட்டிவிட்டுப் போனார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்துப் பதினோரு குட்டி செத்தது.

எண்ணெய் என்றால் லாரித்தடம் எங்கே? ஒரு சுற்று நடந்தான். ஒன்றும் இல்லை.

மச்சினன் எதெய்க்கோ வந்தான்.

"என்ன மச்சான், இங்கயா, ஆத்துக்கு அந்தாண்டையா? குட்டிங்களால இனிமே நடக்க முடியாது."

"இருடா மாப்ள, பாக்குறேன்."

"மண்ணை மொறைச்சா அது பதில் சொல்லுமா?"

செரோக்கோ ஒரு சிட்டிகை கிள்ளினான். நூல் நூலாக இழுபட்டது. மோந்தால் எண்ணெய் வாடை இல்லை, மழை விழுந்த மண்ணின் வாடை. அப்போதும் மனசு ஒப்பவில்லை. பூதானே என்ற அவன் மனைவி தேநீருக்கு மூட்டிய அடுப்பில் அதைப் போட்டான். எண்ணெய் என்றால் பற்ற வேண்டுமே. அது 'சுர்' என்று சுருங்கி, முந்தாநாள் பார்த்த அதே பொருக்காகிவிட்டது.

இப்போது இன்னும் குழம்பினான்.

"அடுப்பை ஏன்யா கெடுக்குற? அது மண்ணோட தோலு," என்றாள் பூதானே. "வெயில்ல படுத்துக்கும், மழைக்கு எந்திரிக்கும். மான் முதுகையே பாத்து வண்டி ஓட்டுறவனுக்குத் தரையில கெடக்கிறது எங்க தெரியும்?"

"எந்திரிக்குமா? அப்ப உசுரா இது?"

"என்னைக் கேட்டா? எனக்கு மட்டும் என்ன தெரியும்?"

குளத்தில் ஒரு கை அள்ளிக் குடித்தான். எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

"சரி, அவுத்து விடுங்கடா."

மான்கள் கறுப்பை மிதித்துக்கொண்டே தண்ணீருக்கு ஓடின. உசுரென்றால் அதற்கு வலிக்குமா, வலிக்காதா? பிடிபடவில்லை. யாரிடமும் கேட்கவும் கூச்சம். திட்டுகளில் கால் படாமல் புல்லோரமாகவே சுற்றிச் சுற்றிக் கூடாரத்துக்குப் போனான்.