ரிசர்வ் என்றால் யாருக்கு?

இன்று மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்கு ஏறும் வழியில் ஒரு தகராறு. பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் என்னைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்கள்.

வாழவந்தி நாடு என்கிற மலைப்பகுதிப் பெண் ஒருத்தி வீட்டுக் கூரைக்கு நாலு மூங்கில் வெட்டியிருக்கிறாள். காட்டிலாகா கார்டு அவளுடைய கொடுவாளைப் பிடுங்கி வைத்திருந்தார்.

“இது ரிசர்வ் காடு. தொடக்கூடாது.”

“ரிசர்வுன்னா என்னங்க?”

கார்டு என் பக்கம் திரும்பினார். காட்டிலாகா வெள்ளைக்காரத் துரை சொன்னதை நாள் முழுக்கச் சொல்லித் திரிகிற மனிதர், பாவம்.

“லத்தீன்னு ஒரு பழைய பாஷையில இருந்து இங்கிலீசுக்கு வந்த சொல்லுங்க. இப்பத் தொடாம, பின்னால ஒருத்தருக்குன்னு எடுத்து வைக்கிறது” என்றேன்.

“யாருக்குங்க எடுத்து வெச்சிருக்காங்க?”

இந்த முறை நான் கார்டைப் பார்த்தேன்.

அவள் பாதையோரப் பலாமரத்தைக் காட்டினாள். “நாங்களும் வெப்போமுங்க. எத்தன அறுத்தாலும், மலையேறி வாரவங்களுக்குன்னு ஒரு பழத்த உட்டுருவோம். கார்டய்யாவும் நடந்துதானுங்களே வந்தாரு? பசிக்குதான்னு கேளுங்க.”

கார்டு பசிக்கிறது என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

பழத்தை இறக்கினாள். அறுக்கக் கொடுவாள் வேண்டுமே. அவரே எடுத்து நீட்டினார்.

சுளைகளைத் தின்றுவிட்டு, கைப்பிசினைத் துடைத்தபடியே மலையிறங்கிப் போனார். துரை கேட்டால், கொடுவாளைத் திரும்ப வாங்க மறந்துவிட்டார் என்றுதான் நானும் சொல்வேன்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். எடுத்து வைப்பது என்று இருக்கிறது. யாருக்கு என்று இல்லை.

உங்களில் யாராவது துரையைப் பார்த்தால் கேட்டுச் சொல்லுங்கள். ஆள் தூக்கும் டோலியில் வராமல் நடந்து வந்தால், அவருக்கும் ஒரு பழம் இருக்கிறது.