எங்கள் வீட்டு இணைச்சீர்

"...அவ பாட்டுக்கு நடுவுல எந்திரிச்சுப் போயிட்டா, பொண்ணூட்டுக்காரங்க முன்னால நம்ம மொகத்த எங்கீங்க வெக்கறது?" என்று பெரியம்மா கேட்டபோது, அந்த 'அவ' எதிரிலேயே உட்கார்ந்து நாலாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் அத்தை.

சித்தப்பாவுக்குக் கல்யாணம் வைத்திருந்த சமயம் அது. எனக்கு ஏழு வயது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையையும் அவன் கூடப்பிறந்தவளையும் மேடையில் சேர்த்து வைத்து, கூறைச்சேலையின் ஒரு முனையை அவனிடமும் மறுமுனையை அவளிடமும் கொடுத்துச் செய்கிற சீர். சித்தப்பாவுக்குக் கூடப்பிறந்த பெண் என்றால் அத்தை ஒருவர்தான். அத்தைக்கோ மனநோய். இரண்டு வருஷத்துக்கு முன்பு பத்து நாள் தூங்காமல் பேசித் தீர்த்தார். அப்புறம் இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. கோயமுத்தூர் டாக்டர் கொடுத்த மாத்திரையில் தேறி, கருமத்தம்பட்டியில் தன் விசைத்தறிகளைத் திரும்பவும் தானே ஓட்டிக்கொண்டிருந்தார். இருந்தாலும் பெருந்துறைப் பங்காளி வீட்டுப் பெண்ணைச் சீருக்கு வைத்துவிடலாம் என்பது பெரியம்மாவின் கட்சி.

"எந்திரிச்சுப் போனாலும் போவனுங்க நங்கையா" என்றார் அத்தை. அண்ணியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "பொய் எதுக்குங்க? ஆனா திரும்பி வந்துருவேன். தறிக்கு எண்ணெய், எனக்கு மாத்தரை. ரெண்டையும் நிறுத்துனாத்தானுங்க சத்தம் வரும்."

சித்தப்பா அதிகம் பேசுகிற ஆள் இல்லை. தினமும் சாயங்காலம் அத்தைக்குப் போன் போட்டு "மாத்தரை போட்டயாக்கா?" என்பார், அந்தப் பக்கம் "போட்டேன், நீ சோறு தின்னயா?" என்று வரும், அத்தோடு போன் முடிந்தது. அன்றைக்கும் ஒரே வரிதான் சொன்னார். அக்கா இல்லாவிட்டால் இணைச்சீரே வேண்டாம். பெரியம்மா வெடுக்கென்று எழுந்து சட்னி அரைக்கப் போய்விட்டார்.

கல்யாணத்தன்று மேடையில் ஒரே நெரிசல். மேளம் காதைப் பிளந்தது. வீடியோக்காரர் விளக்கை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். சேலை முனையைப் பிடித்திருந்த அத்தை சித்தப்பா பக்கம் சாய்ந்தார். "டேய், நெஞ்சு படபடங்குது" என்றார். சித்தப்பா, சீர் நடத்துகிற அருமைக்காரரிடம் குனிந்து ஏதோ சொன்னார். பிறகு இருவரும் சேலையை விடாமல் அப்படியே இறங்கி, பந்திக்குப் போகிறவர்களை விலக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

வாசலில் வரிசையாக வண்டிகள். அத்தை ஒவ்வொன்றின் நம்பரையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். நெஞ்சு படபடத்தால் கண்ணுக்கு ஒரு வேலை கொடுக்கச் சொல்லியிருந்தாராம் டாக்டர். சித்தப்பா, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கூடவே சொன்னார். பதினோராவது வண்டியில் அத்தையின் மூச்சு சீரானது. "போதும் வாடா, உம் பொண்டாட்டி வேற மாப்ள பாத்துறப் போறா" என்றார்.

அருமைக்காரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "வந்துட்டீங்களா அம்மணி? விட்ட எடத்துலருந்தே ஆரம்பிக்கலாமுங்க" என்றார்.

கீழே பெண்ணின் அம்மா பெரியம்மாவிடம், "ஏனுங்க, நடுவுல எங்க போனாங்க?" என்று கேட்டார். பெரியம்மா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அது எங்கூட்டுப் பழக்கமுங்க. சேலையோட வாசலுக்குப் போயிட்டு வரோணும்."

நான் அதை அப்படியே நம்பிவிட்டேன். பெரியவர்கள் சொன்னால் வேதவாக்கு என்று இருந்த வயசு.

மறு வருஷம் பெரியம்மாவின் மகனுக்கே கல்யாணம். இணைச்சீருக்கு வந்தது அவர் மகள், கல்லுக்குண்டு மாதிரி இருப்பாள். சீர் முடிகிற நேரமாகியும் யாரும் அசையக் காணோம். எனக்குப் பொறுக்கவில்லை. "பெரியம்மா, இன்னும் வண்டி நம்பர் படிக்கப் போகலீங்களா?" என்று சத்தமாகவே கேட்டேன். விருந்துக்கு வந்திருந்த சித்தியின் அம்மாவும், "அட ஆமாங்க, உங்கூட்டுப் பழக்கமாச்சே" என்றார்.

முன்வரிசையில் யாரோடோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்த அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டார். பெரியம்மா என்னை எதற்கு அப்படி முறைத்தார், அப்புறம் எதற்கு அத்தையை அவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குப் புரியவில்லை. ஞாபகப்படுத்தியதற்கு ஒரு லட்டாவது தருவார் என்றுதான் இருந்தேன்.

பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையேறினார். "எந்திரிங்க ரெண்டு பேரும்" என்று சொல்லி, மகனையும் மகளையும் சேலையோடு வாசலுக்கு நடத்திக்கொண்டு போனார்.