ஒன்பது-ஒன்பது-தொண்ணூற்றொன்பதில் செத்தவர்கள்

எங்கள் ஊர் டவுன் ஹாலில் ஆர்டிஸ் மக்கிலா முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். நாய் லைசென்ஸ், தண்ணீர் இணைப்பு, ஓட்டுப் பதிவு, கல்லறைத் தோட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் ஒரே ஆள். மத்தியானம் மேஜை இழுப்பறையைத் திறந்து கறியும் கிழங்கும் அடைத்துச் சுட்ட பாஸ்டியை அதற்குள்ளேயே வைத்துத் தின்பாள். யாராவது வந்தால் முழங்காலால் இழுப்பறையைத் தள்ளி மூடிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பாள். கணவன் ஒருவன் இருந்தான். குளிர் தாங்கவில்லை என்று ஃப்ளோரிடா போனவன் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். அதற்காக ஆர்டிஸ் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

கல்லறைத் தோட்டத்தின் கணினி நிரல் வேலையில் அவளுக்கும் மூத்தது. எண்பத்தாறில் டவுன் ஹால் எரிந்து பழைய பதிவேடுகள் சாம்பலான பிறகு, மிஞ்சிய கற்களைப் பார்த்தும் வீடுவீடாகக் கேட்டும் டோரதி என்ற பழைய கிளார்க் ஏற்றிவைத்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. கணினிப் பெட்டியை மூன்று முறை மாற்றினார்கள். உள்ளே இருந்த நிரல் அதேதான்.

அதில் ஒரு குறை. ஓர் இடம் என்றால் ஒன்று காலி, இல்லை புதைத்தாயிற்று. உயிரோடு இருப்பவருக்குப் பிடித்து வைக்க அதற்குத் தெரியாது. டோரதி யோசித்தாள். பெயரைப் போட்டு, இறந்த தேதி ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் தேதி தொண்ணூற்றொன்பது என்று போட்டுவிட்டாள். அன்றைக்கு அது எட்டாத தூரம். தொண்ணூற்றொன்பதும் வந்து போனது, யாரும் மாற்றவில்லை, ஆர்டிஸும் அப்படியே போட்டு வந்தாள். ஆக, எங்கள் ஊரில் நூற்று நாற்பத்துமூன்று பேர் ஒரே நாளில் செத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான்.

அவர்களில் ஒருவர் ரெய்னோ பெல்டோலா. கவுன்டி சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர், எண்பத்தெட்டு வயது. மனைவி ஹில்யா போய்ப் பன்னிரண்டு வருடம். வருடா வருடம் பனி கரைந்ததும் ஜன்னலுக்கு வந்துவிடுவார்.

"ஏம்மா, நான் இன்னும் செத்துத்தான கெடக்கேன்?"

ஆர்டிஸ் திரையைத் திருப்பிக் காட்டுவாள். "ஜம்முனு செத்துக் கெடக்கீங்க. வந்து பாத்துக்கோங்க."

"அப்ப செத்தவன்கிட்ட எதுக்கு நாய்க்கு லைசென்ஸ் கேக்குற?"

ஹில்யாவின் இடப்பக்கம் அவளுடைய அம்மா. வலப்பக்கம் ரெய்னோவுக்கு. அது ஹில்யாவே சொல்லி எழுதி வைத்தது. "அங்கயாவது நீங்க ரெண்டு பேரும் என்னைய நடுவுல வச்சுக்கிட்டுச் சண்டை போடாம இருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நிரலை மாற்ற வேண்டும் என்ற பேச்சு கவுன்சிலில் வந்தபோது ஊரே இரண்டாகப் பிரிந்து கத்தியது. "ஓடுற வண்டிய எதுக்கு விக்கணும்?" என்றார் ஒருவர். "நடுரோட்டுல நின்னா நீ தள்ளுவியா?" என்றார் இன்னொருவர். பழுது பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் முந்தின வருடம்தான் காலமாகியிருந்தான். அச்சடித்து வைக்கலாம் என்றால் அதற்குப் பொருந்திய பிரிண்டர் எப்போதோ கெட்டுப்போய்விட்டது. கடைசியில் எல்லோரும் ஆர்டிஸைப் பார்த்தார்கள். அவள் பழையதைக் கட்டிப் பிடித்துக்கொள்வாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"மாத்துங்க. அந்தப் பொட்டி நின்னுபோச்சுன்னா யாரு எங்க இருக்காங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. இன்னொரு தடவ வீடு வீடாப் போய்க் கேக்க டோரதி இல்ல."

சரியாகத்தான் சொன்னாள். இன்றைக்கும் அது தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

புது நிரல் விற்ற கம்பெனியிலிருந்து ப்ரென்ட் என்று ஒருவன் திரையில் வந்து பேசினான். "மேடம், வழக்கத்துக்கு மாறா ஏதாவது இருந்தா எழுதி அனுப்பிடுங்க." ஆர்டிஸ் பதினோரு பக்கம் எழுதினாள். ஒரே பெயரில் இருக்கும் மூன்று சகோதரர்கள், ஓடைப் பக்கம் சரிந்துபோன வரிசை, கல்லே வைக்காத குழந்தைகள், ஒன்றையும் விடவில்லை. ஒன்பது-ஒன்பது-தொண்ணூற்றொன்பதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. மறைக்கவில்லை, மறக்கவும் இல்லை. முப்பத்திரண்டு வருடமாகக் கை தானாகப் போட்ட தேதி, அது வழக்கத்துக்கு மாறானது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

எங்கோ உட்கார்ந்து பழைய பதிவுகளைச் சரிபார்த்துப் புதியதில் ஏற்றியவன் அந்தத் தேதியைப் பார்த்திருக்கிறான். ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்கும் ஊரில் ஒரே நாளில் நூற்று நாற்பத்துமூன்று சாவா, அதுவும் இறப்புச் சான்றிதழ் எண் ஒன்றுகூட இல்லாமலா? யாரோ சோதனைக்குப் போட்டுவிட்டுப் போன குப்பை என்று வழித்துப் போட்டுவிட்டான். அவனைத் திட்டவும் வழியில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

டிசம்பரில் புதியது வந்தது. அழகாகவே இருந்தது. வரைபடம், வண்ணக் கட்டங்கள். பிடித்து வைத்த இடத்துக்கு மஞ்சள் என்று தனி நிறமே இருந்தது. மஞ்சள் ஒன்றுகூட இல்லை என்பது அந்தக் குளிர்காலம் முழுக்க ஆர்டிஸின் கண்ணில் படவில்லை. பழைய பெட்டியைக் கழிவு லாரி ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

பிப்ரவரியில் கேஸ் லாரி ஓட்டிய ஜெரால்ட் ட்ரெம்ப்ளே மாரடைப்பில் போனான். அவன் மனைவி டெனிஸ் ஜோடியாக இரண்டு இடம் கேட்டாள். ஆர்டிஸ் டி பிரிவைத் திறந்தாள். கட்டங்களில் எண் மட்டும்தான். நாற்பத்தொன்று வெள்ளை, அதாவது காலி; நாற்பத்திரண்டும் வெள்ளை. அவளுக்கு ஊராரைப் பெயரால் தெரியும், எண்ணால் தெரியாது. எண்ணைத் தட்டினால் பெயரைச் சொல்லும் வேலையைப் பழைய திரை பார்த்துக்கொண்டது. நேரில் போய்ப் பார்க்கலாம் என்றால் அங்கே நாலடிப் பனி. எழுதிக் கொடுத்தாள். எங்கள் பக்கத்தில் பனிக்காலத்தில் மண் வெட்ட முடியாது, பெட்டியைக் கல் அறையில் வைத்திருந்து மே மாதம் புதைப்பார்கள். ஜெரால்டையும் அப்படித்தான் புதைத்தார்கள். எல்லாம் தரையோடு தரையாகப் பதித்த கற்கள். குழி வெட்டியவர்கள் எண்ணைத்தான் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் ரெய்னோ ஜன்னலுக்கு வந்தார். "புது மெஷினாமே. அதுலயும் செத்துட்டேனா?"

ஆர்டிஸ் ஹில்யாவின் பெயரைத் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே திரையைத் திருப்பினாள். ரெய்னோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"அவ வலப்பக்கம் ஜெரால்ட் ட்ரெம்ப்ளேன்னு போட்டிருக்கு. இது யாரும்மா?"

அன்று சாயங்காலமே ஆர்டிஸ் டெனிஸின் வீட்டுக்குப் போனாள். டெனிஸ் கெட்டவள் இல்லை. காபி ஊற்றிக் கொடுத்து, முழுக்கக் கேட்டாள்.

"மூணு மாசம் அவர அந்தக் கல்லு ரூம்ல போட்டு வச்சிருந்தேன். அந்த வழியாப் போக முடியாம ஊரச் சுத்திக்கிட்டு வேலைக்குப் போனேன். முந்தாநாள்தான் மண்ணுக்குள்ள போனாரு. மறுபடி தோண்டச் சொல்றியா? உன் வீட்டு ஆளா இருந்தா சொல்லுவியா ஆர்டிஸ்?"

சொல்ல மாட்டாள். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

ப்ரென்ட் மரியாதையாகப் பேசினான். அவள் கையெழுத்துப் போட்ட பதினோரு பக்கமும் அவனிடம் இருந்தது. "இதுல எங்கயும் சொல்லலையே மேடம்." மற்ற நூற்று நாற்பத்திரண்டு பேரையும் அவள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவர்கள் வீட்டுக் காகிதங்களை வாங்கி, மூன்று வாரத்தில் மஞ்சளாக்கினாள். "ஒரே ஒரு எடந்தான போச்சு, பரவால்ல" என்றார் கவுன்சில் தலைவர். அந்த வாயை என்ன செய்வது.

பிறகு ரெய்னோ வீட்டுக்குப் போனாள். அவர் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். எரித்தால் சாம்பலை ஹில்யாவின் குழியிலேயே வைக்கலாம்.

"முப்பது வருஷம் தீயணைப்புல தொண்டு செஞ்சேன். எரிஞ்சவங்களத் தூக்கிட்டு வந்திருக்கேன். நெருப்பு வேண்டாம்மா."

ஹில்யாவை எடுத்து வேறிடத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து வைக்கலாம்.

"அவ அம்மாகிட்டருந்தா? உயிரோட இருக்கும்போதே என்னால முடியல அது."

இருவரும் லேசாகச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் வரைபடத்தை எடுத்து நீட்டினாள். வேலியோரம் எச் பிரிவில் நல்ல இடம் இருக்கிறது என்றாள். அவர் வரைபடத்தை வாங்கிப் பார்க்கவில்லை.

"எங்க வேணா போடு. உம்மேல கோவம் இல்ல. நீ வேணும்னேவா செஞ்ச?"

"எம்மேல கோவப்படுங்க ரெய்னோ."

"வேண்டாம்." மேஜை விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஞாயித்துக்கிழம தவறாம போவேன். எடம் தயாரா இருக்கு, கொஞ்சம் பொறுத்துக்கோன்னு பன்னெண்டு வருஷமா அவகிட்ட சொல்லிட்டு வர்றேன். இந்த மூணு வாரமாப் போகல. நீ ஒரு வார்த்த சொல்லிடு அவகிட்ட. என்னால முடியாது."

சரி என்றாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே நடந்தாள். புல்லில் ஈரம், செருப்பு நனைந்தது. ஜெரால்டின் மண்மேடு இன்னும் அமுங்கவில்லை. அதன் ஓரம் சரிந்து ஹில்யாவின் கல்லில் பாதியை மூடியிருந்தது. ஆர்டிஸ் முழங்காலிட்டுக் கையாலேயே மண்ணைத் தள்ளினாள். பெயர் தெரிந்தது. வாயைத் திறந்தாள். முப்பத்திரண்டு வருடம் ஜன்னலுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு பதில் சொன்னவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. எட்டரைக்கு ஜன்னலைத் திறக்க வேண்டும். எழுந்து போய்விட்டாள்.