உறை ஊற்றிய ஒயின்

கருமத்தம்பட்டி ஜெரோமுக்குத் தறி ஓட்டத் தெரியும், சமைக்கத் தெரியும், வேண்டாம் என்று சொல்ல மட்டும் தெரியாது. யார் எதை நீட்டினாலும் “ஆகட்டுமுங்க” என்று வாங்கிக்கொள்கிற மனுசன். அந்த நல்ல குணம்தான் அவரைக் கவிழ்த்தது என்றால் நம்புவீர்களா?

மனைவி அன்புச்செல்வி பிப்ரவரியில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். மகள் இளவேனிலுக்கு பெங்களூரில் வேலை. நாற்பதாம் நாள் பூசை முடிந்து கிளம்பியவள் அப்புறம் ஊர்ப்பக்கமே வரவில்லை. நவம்பரில் ஒருநாள் போன் போட்டாள்.

“கிறிஸ்துமஸுக்கு வாரேனுங்கப்பா. ஒயின் போடுவீங்களா?”

“போடாம இருப்பனா கண்ணு?”

சொல்லிவிட்டார். அம்மா இல்லாத வீட்டில் அம்மாவின் ஒயினாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை இனி வரவே மாட்டாள் என்று அவருக்குப் பயம்.

அன்புச்செல்வி சூலூர்ப் பக்கம் பாலுசாமியின் திராட்சைத் தோட்டத்தில் கொடி கழிக்கிற கவாத்துக்கும் பழம் பறிக்கவும் போனவள். அங்கே இரண்டு பந்தல், இரண்டிலும் அதே பன்னீர்த் திராட்சை. கிணற்றோரப் பந்தலில் தண்ணீருக்குக் குறைவில்லை, பழம் கோலிக்குண்டு கணக்காக இருக்கும். மேட்டுப் பந்தலில் கல்லும் சுண்ணாம்புமான மண், தண்ணீர் ஏறுவதே பெரும்பாடு. பழம் பொடிசு, தோல் தடிப்பு, சாறு கொஞ்சம். ஒயினுக்கு அவள் மேட்டுப் பழத்தைத்தான் எடுப்பாள். விதை உடைந்தால் கசக்கும் என்று மிக்சியில் போடாமல் கையால் பிசைவாள். சர்க்கரையைக் கை அடக்கித்தான் போடுவாள். தோலை உடனே பிழிந்து எறியாமல் ஜாடியிலேயே ஊறவிட்டு, நிறமும் துவர்ப்பும் இறங்கின பிறகுதான் வடிகட்டுவாள். குடித்தால் முதலில் நாக்கோரம் இழுக்கும், அப்புறம் பன்னீர் வாசம் மெல்ல ஏறும். தெருவில் மற்ற வீட்டு ஒயினெல்லாம் அதற்குப் பக்கத்தில் சர்க்கரைத் தண்ணீர்தான்.

இதெல்லாம் ஜெரோமுக்கும் தெரியும். தோட்டத்துக்குப் போகும்போது மேட்டுப் பழம்தான் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். ஆனால் பாலுசாமி பழக்கூடையோடு வாசலிலேயே நின்றிருந்தார்.

“வாங்க ஜெரோம். கெணத்தோரத்துக் குலையாப் பாத்துப் பாத்து நானே பறிச்சு வெச்சனுங்க.”

“ஏனுங்க, மேட்டுப் பழம் இருந்தா...”

“அட, அது சுருங்கிக் கெடக்குதுங்க. அந்த அம்மணி எங்க தோட்டத்துல அத்தன வருசம் பாடுபட்டுச்சு. அது பேருல செய்யற ஒயினுக்கு மட்டமான பழத்தக் குடுத்தா எம்மனசு கேக்குமுங்களா?”

பாலுசாமியின் கண் கலங்கியிருந்தது. ஜெரோம் கூடையை வாங்கிக்கொண்டார். “ரொம்ப நல்லதுங்க,” என்றார். பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வரைக்கும் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார். திட்டி என்ன செய்ய?

மற்றதையெல்லாம் அவள் செய்தபடியே செய்தார். கையால் பிசைந்தார், சர்க்கரையை அடக்கினார், தினமும் மரக்கரண்டியால் கிளறினார், தோலை ஊறவிட்டார். வடிகட்டிப் பார்த்தால் நிறம் வெளிறிக் கிடந்தது. வாயில் விட்டால் இழுப்பும் இல்லை, வாசமும் இல்லை. அந்தப் பழம் குடித்த கிணற்றுத் தண்ணீர்தான் ஜாடியில் நின்றது. ஜெரோம் ஜாடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதார்.

பண்டிகைக்கு முந்தின நாள், பீரோவில் போர்வை தேடியபோது அன்புச்செல்வியின் சேலைகளுக்கு நடுவே ஒரு பாட்டில் கையில் தட்டுப்பட்டது. போன வருசத்து ஒயின்! ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். அவளேதான்.

அப்படியே மூடி வைத்திருக்கலாம். ஆனால் பாலில் ஒரு கரண்டி பழைய தயிரை விட்டு மறுநாள் பானை முழுக்கத் தயிராக்கியவளோடு குடும்பம் நடத்தின மனுசன் ஆயிற்றே! அவள் ஒயினைக் கொஞ்சம் உறை ஊற்றினால் ஜாடி முழுக்க அவளுடையதாகிவிடும் என்று நினைத்தார். முதலில் ஒரு கரண்டி விட்டார். ருசித்தார். ஒரு டம்ளர் விட்டார். அடுத்து, அட பாவி மனுசா, பாட்டிலையே கவிழ்த்துவிட்டார்.

இளவேனில் விடியற்காலையில் வந்தாள். திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஜெரோம் டம்ளரில் மொண்டு கொடுத்தார். ஒரு வாய் குடித்தாள்.

“நல்லாருக்குதுங்கப்பா,” என்று டம்ளரைக் கீழே வைத்தாள். மறுபடி அதைத் தொடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து பீரோவைத் திறந்து சேலைகளைத் தள்ளித் தள்ளித் தேடினாள்.

“என்ன கண்ணு தேடறே?”

“போன கிறிஸ்துமஸுக்கு லீவு கெடைக்காம நான் வரலீங்கல்ல, எனக்குன்னு ஒரு பாட்டில் சீலைக்குள்ள வெச்சிருக்கறதா அம்மா சொன்னாங்கப்பா. அதுக்குத்தான் வந்தேன்.”

ஜெரோம் ஜாடிப் பக்கம் கையை நீட்டினார்.

“உறை ஊத்துனா வந்துரும்னு நெனச்சுப்போட்டேன் கண்ணு.”

அவள் ஜாடியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஜாடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் மொண்டு, கண்ணை மூடிக்கொண்டு மெல்லக் குடித்தாள். இன்னொன்று மொண்டாள்.

“வருதா கண்ணு?”

எல்லோருக்கும் நல்லாருக்குது என்றே சொல்லிப் பழகின வீடு அது. இளவேனில் கண்ணைத் திறக்கவில்லை.

“இல்லீங்கப்பா,” என்றாள்.