எழுந்து நின்று படிக்கும் பள்ளி

அப்போது காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரி கடைத்தெருவில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. மே மாதம் வந்தால் டி.சி., சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு என்று சுற்றுவட்டாரப் பெற்றோர் எல்லாரும் என் மெஷினைச் சுற்றித்தான் நிற்பார்கள். நகல் எடுப்பது பாதி வேலை, வாயாடுவது மீதி வேலை. எங்கள் பக்கத்தில் இரண்டு அரசு நடுநிலைப்பள்ளிகள். ஒன்று மெயின் ரோட்டில், இன்னொன்று வாய்க்கால் கரையில். சைக்கிளில் போனால் கால் மணி நேரத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம். எங்கள் பேச்சுக்கோ ஒரு கோடைவிடுமுறை போதாது.

ரோட்டுப் பள்ளியில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்பார் ஒருவர். இருக்கிறது, உறை போட்டு மூடிவைத்திருக்கிறார்கள் என்பார் அடுத்தவர். வாய்க்கால் பள்ளியில் மதியச் சாப்பாடு நன்றாக இருக்குமாம், ஆனால் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாதாம். பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஆசிரியர்கள் எங்கே அதிகம் என்பதில் பெரிய தகராறே நடக்கும். அவர்கள் வெள்ளிக்கிழமை ஆனால் பாண்டி பஸ்ஸைப் பிடிக்கத்தான் குறியாக இருப்பார்கள், ஜூன் மாதம் மாற்றல் வாங்கிக்கொண்டு போயேவிடுவார்கள் என்று அடித்துச் சொல்வேன். எல்லாருடைய மார்க் ஷீட்டும் என் கை வழியாகப் போனதால் நானே நீதிபதி. கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் தீர்ப்பு வழங்கினேன். என் ஓட்டு ரோட்டுப் பள்ளிக்கு. காரணம், கம்ப்யூட்டர்.

என் மகள் அந்த வருடம்தான் ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். எல்லாப் பாடத்திலும் பாஸ். விடுமுறை என்பதால் கடைக்கு வந்து தாள்களை அடுக்கிக் கொடுப்பாள். ஒருநாள் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் விற்கும் அம்மா ஒருவர் மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கான தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். எந்தெந்த நகல் வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. என் கை முழுக்க மை. "நீ படிச்சுச் சொல்லும்மா" என்றேன் மகளிடம். அவள் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கணீரென்று சொன்னாள்: "ரேஷன் கார்டு நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ரெண்டு."

மறுநாள் காலையில் அந்த அம்மா திரும்பி வந்தார். "ஏந் தம்பி, ஒம் மவ சொன்னதக் கேட்டுக்கிட்டு ஆபீசுக்குப் போயி, வெயில்ல நின்னு, திருப்பி அனுப்பிட்டாங்க. பேங்க் புக்கு நகலு வேணுமாம், அடையாள அட்ட வேணுமாம். போட்டோவே கேக்கலியாம்!"

தாளை வாங்கிப் பார்த்தேன். போட்டோ என்ற சொல்லே அதில் இல்லை. கடையில் தினமும் காதில் விழுவதை வைத்து அவள் இட்டுக்கட்டியிருக்கிறாள். "படி இதை" என்று நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "படிடீ!" என்று கத்தினேன். கடையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஐந்து வருடம் பள்ளிக்குப் போன பெண், தெரியாத ஒரு வரியை எழுத்துக்கூட்டக்கூட முடியாமல் நின்றாள். பாடங்களையெல்லாம் காதால் கேட்டே மனப்பாடம் செய்து, எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தே ஐந்து வகுப்பையும் தள்ளியிருக்கிறாள். ஊர்ப் பிள்ளைகளின் மதிப்பெண்ணெல்லாம் எனக்கு அத்துப்படி, என் வீட்டில் நடப்பது மட்டும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மகளிடம், "எந்தப் பள்ளிக்கூடம் போற, நீயே சொல்லு" என்றேன். கத்தியதற்குப் பரிகாரம்போல.

"வாய்க்கால் பள்ளிக்கூடம்ப்பா."

"ஏன்?"

"அங்க எல்லாரும் சேந்துதான் படிப்பாங்களாம். ரோட்டுப் பள்ளிக்கூடத்துல தமிழ் மிஸ்ஸு ஒவ்வொருத்தரா எழுப்பி நிக்க வச்சுப் படிக்கச் சொல்வாங்களாம்."

எதிர்வீட்டுப் பிள்ளைகளிடம் விசாரித்திருக்கிறாள். நாங்கள் கம்ப்யூட்டர், தாழ்ப்பாள் என்று மாதக்கணக்கில் அடித்துக்கொண்டோம். வகுப்பில் எப்படிப் படிக்க வைக்கிறார்கள் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எனக்கு மனம் இளகிவிட்டது. வாய்க்கால் பள்ளியிலேயே சேர்த்துவிடலாம் என்றேன். என் மனைவிக்கு என்னைவிடக் கோபம் அதிகம், ஆனால் அது வெளியே தெரியாது. அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "அங்க சேத்தீங்கன்னா எட்டாவது வரைக்கும் இப்படியே வாயசைச்சுக்கிட்டுப் போயிடுவா. அப்புறம் புள்ள படிப்ப நிறுத்திடுச்சுன்னு கடையில உக்காந்து நீங்க பேசிக்கிட்டு இருப்பீங்க. ரோட்டுப் பள்ளிக்கூடந்தான்."

மகள் அழுதாள். எனக்கும் பயம்தான். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே அவளை நிற்கவைத்து, நாற்பதும் சிரித்தால், பிறகு அவள் புத்தகத்தையே தொடமாட்டாள்.

சேர்க்கை அன்று அந்தத் தமிழ் ஆசிரியையைப் பார்த்தோம். பாண்டிச்சேரிக்காரர்! உண்மையை மறைக்காமல் சொல்லிவிட்டு, "அவள மட்டும் எழுப்பாம விட்டுடுங்களேன்" என்று கேட்டேன்.

"எழுப்பாம இருக்க முடியாதுங்க" என்றார். "ஆனா எந்தப் பத்தின்னு முதல் நாளே சொல்லிடுவேன். வீட்டுல பாத்துட்டு வரட்டும்."

"மனப்பாடம் பண்ணிட்டு வந்துடுவா டீச்சர்" என்றாள் என் மனைவி.

"பண்ணட்டுமே. விரலை வச்சுத்தான் படிக்கச் சொல்வேன். நடுவுல நிறுத்தி, இந்த வார்த்தை என்னன்னு கேட்பேன். சிரிக்கிற பிள்ளைதான் அடுத்து எழுந்து படிக்கணும். அது எங்க வகுப்பு வழக்கம்."

என் வாய் சும்மா இருக்குமா? "வெள்ளிக்கிழமை ஊருக்குப் போயிடுவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். மனைவி என்னை முறைத்தாள்.

"போவேங்க. எனக்கும் அங்க ரெண்டு பிள்ளைங்க இருக்கு. மணி அடிச்சப்புறம் போவேன்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மகள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் கேட்பதற்கு அம்மாவிடம் பதில் சொல்வாள். காலையில் வயிற்றுவலி என்பாள். சாயங்காலம் அடுப்படியில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்து முணுமுணுப்பாள். நான் உள்ளே வந்தால் புத்தகத்தை மூடிவிடுவாள். நான் கத்திய கத்தல் அப்படி. கடையில் யாராவது எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று கேட்டால், "போய்ப் பாத்துட்டு வாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகல், அவள் மறந்துவிட்டுப் போன குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். வராந்தாவில் நின்று வேட்டியைப் பிழிந்தேன். உள்ளே ஒரு பெண் படித்துக்கொண்டிருந்தாள். மெல்லிய குரல். ஒவ்வொரு சொல்லாகத் தடவித் தடவிப் போனது. ஒரு பெரிய சொல்லில் சிக்கி நின்றுவிட்டாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. யார் பெற்ற பிள்ளையோ, பாவம், எப்படியாவது சொல்லிவிட வேண்டுமே என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அந்தச் சொல்லின் ஆரம்பத்துக்குத் திரும்பிப் போனாள். எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். சொல்லிவிட்டாள். அடுத்த வரிக்குப் போனாள்.

அப்பாடா என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். விரலைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு நின்றது என் மகள்.

பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவள் தனியாகப் படித்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதனால்தான் குரல் தெரியவில்லை. அவள் கண்ணில் பட்டுவிடாமல் சுவரோரம் ஒதுங்கி, அந்தப் பத்தி முடியும்வரை அழுதுகொண்டே கேட்டேன்.