கேசட்டின் கடைசி இரண்டரை நிமிடம்

என்னிடம் ஒரு கேசட் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் கடைசிப் பாட்டு முடிந்ததும் இரண்டரை நிமிடம் வெறும் நாடா ஓடும். உஸ் என்ற இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. பாட்டுகளைக்கூடப் பாதியில் நிறுத்திவிடுவேன்; அந்த இரண்டரை நிமிடத்தை ஒருநாளும் நிறுத்தியதில்லை.

தொண்ணூறுகளில், கல்யாணத்துக்கு முன்பு, காந்திபுரத்தில் பாட்டுப் பதிந்து தரும் கடையொன்றில் வேலை பார்த்தேன். வேண்டிய பாட்டுகளைச் சீட்டில் எழுதித் தருவார்கள். முதலாளி பதிவார், அட்டையில் பாட்டுப் பெயர்களை எழுதுவது என் வேலை. முதலாளி என்றால் பெரிய ஆளில்லை, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எந்தச் சீட்டும் கேசட்டுக்குச் சரியாக அமையாது. பக்கத்தின் கடைசியில் இரண்டு மூன்று நிமிடம் மிஞ்சும். மற்ற கடைகளில் அங்கே ஏதாவதொரு பாட்டைப் போட்டுப் பாதியில் அறுத்துவிடுவார்கள். இவருக்கு அது ஆகாது. பின்னறையில் ஒரு பழைய கீபோர்டும் தாளம் போடும் சின்ன மிஷினும் வைத்திருந்தார். அவற்றில் தானே செய்த இசையால் அந்த மிச்சத்தை நிரப்புவார். குரல் கிடையாது, சொல் கிடையாது, அட்டையில் அதற்கொரு வரியும் கிடையாது.

"ஏனுங்க, கடைசீல என்னமோ கொய்ங்குனு கத்துதுங்க, நாடா கெட்டுப்போச்சுங்களா?" என்று பலரும் திருப்பிக் கொண்டுவந்தார்கள். "அழிச்சுத் தாரேனுங்க" என்று வாங்கிக்கொள்வார். சோமனூர்த் தறிக்காரர் ஒருவர் மட்டும், "அந்தக் கடைசித் துண்டையே கேசட் பூராவும் போட்டுக் குடுங்க. தறிச் சத்தத்துல பாடறது ஒண்ணும் கேக்கறதில்லீங்க, இது கேக்குது" என்றார். அன்று முதலாளியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! கேசட் தயாரானதும் அட்டையை என்னிடம் நீட்டினார்.

"இதுக்கு நீங்களே ஒரு பேரு எழுதுங்க அம்மணி. பின்னாடி ஒரு காலத்துல பாட்டோட சரித்திரத்தை எழுதறவங்க இதையும் சேத்துக்குவாங்களாங்க?"

அவருக்கு வேண்டியிருந்தது என் வாயிலிருந்து ஒரு "ஆமாங்க". அது எனக்குத் தெரியாமலா இருந்தது? ஆனால் என் வாய்க்கொழுப்பு சும்மா இருக்குமா! "பாட ஆளில்ல, வாசிக்க ஆளில்ல, மிசின் போடற சத்தமெல்லாம் பாட்டாயிருமாங்க? கேசட்டுக் கடைசீல மிஞ்சற எடத்தைச் சும்மா உட்டாலே நல்லா இருக்கும்" என்றேன். "சரீங்க அம்மணி" என்று சிரித்தார். பெயரில்லாமலே அந்தக் கேசட் சோமனூருக்குப் போனது.

நான் சொன்னது பொய். தினமும் சாயங்காலம் பஸ்ஸில் அவர் மெட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டு போவேன். அது பிடிக்கும் என்று சொன்னால் அவரைப் பிடிக்கும் என்று சொன்னதாகிவிடுமோ என்று பயம்.

கோபியில் எனக்குச் சம்பந்தம் முடிவானது. வேலையை விடும் நாளில் என் சீட்டுக்கும் ஒரு கேசட் பதிந்து கொடுத்தார். புகுந்த வீட்டில் அதைப் போட்டுவிட்டு, முதல் பக்கம் முடியக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஊரார் கேசட்டையெல்லாம் நிரப்பியவர், என் கேசட்டில் மட்டும் அந்த இடத்தைச் சும்மா விட்டிருந்தார்.

பிறகு கடை போய்விட்டது; அவர் எங்கே என்று தெரியவில்லை. அந்தக் கடைக் கேசட் யார் வீட்டிலாவது கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் தூக்கி எறிந்துவிட்டார்கள். சரவணம்பட்டியில் வேலை பார்க்கும் என் மகள், குரலே இல்லாத மிஷின் இசையை நாள் முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். "இது இல்லாம இன்னைக்குப் பாட்டே இல்லம்மா" என்கிறாள். அவர் கேட்டதற்கு இவள் பதில் சொல்கிறாள். கேட்டவர்தான் இல்லை.

போன வாரம் என் கேசட் அந்த இடத்துக்கு வந்ததும், மகள் நிறுத்தப்போனாள்.

"பாட்டு முடிஞ்சிருச்சும்மா."

"இல்ல கண்ணு, இன்னும் இருக்குது."

பொத்தான் டக்கென்று எழும்பும் வரை அவர் மெட்டை முணுமுணுக்கப் பார்த்தேன். ஆரம்பம் மட்டும்தான் வந்தது.